மிகச் சின்னப் புள்ளியில் பாதி

மதியம் கடைசி நோயாளி வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனதும், பெரியவள் கையுறைகளைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை சோப்புத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மாடியேறுவாள். கீழே அவளுடைய பல் மருத்துவமனை, மேலே வீடு. சாயங்காலம் மறுபடி கதவைத் திறக்கும்வரை உள்ள நேரமெல்லாம் அம்மாவுக்கு. சரியாகச் சொன்னால், அம்மாவைப் பற்றிய புத்தகத்துக்கு.

அம்மா ஜன்னலோர நாற்காலியில் காத்திருப்பாள். எண்பதைத் தாண்டிய உடம்பில் காதும் நாக்கும் நன்றாகவே இருந்தன. கண்தான் கைவிட்டுவிட்டது. நடுப்பார்வை மொத்தமாகப் போய், ஓரப்பார்வை மட்டும் மிச்சம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. காது தெரியும், தோள் தெரியும். "இப்ப எல்லாரும் எனக்கு வெறும் காதுதான். பேசறதுக்கு அது போதாதா?" என்பாள்.

வாழ்நாள் முழுக்கக் கண்ணை நம்பிப் பிழைத்தவள் அவள். ஒரு படிகத்துக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்தினால் பின்னால் இருக்கும் பிலிமில் கறுப்புப் புள்ளிகள் விழும். அவை எங்கே விழுந்திருக்கின்றன, எவ்வளவு கறுத்திருக்கின்றன என்று பார்த்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்வது அம்மாவின் தொழில். அப்படி ஒரு காய்ச்சல் மருந்தின் உள்ளமைப்பைச் சொன்னாள். அதற்குப் பிறகு பேராசிரியர் ஆனாள், பதக்கம் வாங்கினாள், பாடப்புத்தகத்தில் ஏறினாள். "அம்மா கல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, நான் கடவாய்ப்பல்லுக்கு எடுக்கறேன். பரம்பரைத் தொழில்" என்று பெரியவள் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. சிரிக்காதவர்கள் குறைவு. வாய் திறந்திருக்கும்போது சிரிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

போன நூற்றாண்டின் விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு பதிப்பகம் வரிசையாகப் புத்தகம் கொண்டுவந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று அம்மாவுடையது. எழுதியவர் நாற்பது வயதுக்காரர். வாரம் தவறாமல் வந்து, அம்மாவின் காலடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டவர். இப்போது ப்ரூஃப் வந்திருந்தது. அம்மா ஒப்புதல் தந்தால் அச்சுக்குப் போகும். அம்மாவால் படிக்க முடியாது. எனவே பெரியவள் படித்தாள்.

"'அயராத உழைப்பும்—'"

"வெட்டு."

"எதை, உழைப்பையா?"

"அயராதவை. பாதி நாள் அயர்ந்துபோய் மேஜை மேலேயே தூங்கியிருக்கேன்."

"'அபாரமான அறிவாற்றலும்—'"

"அபாரம் போகட்டும்."

"அம்மா, நீ இப்படி வெட்டிட்டே போனா புத்தகம் பஸ் டிக்கெட் அளவுக்கு ஆயிடும்."

"நல்லதுதானே. படிக்கறவங்களுக்கு நேரம் மிச்சம்."

பெரியவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

'அவருடைய குடும்ப வாழ்க்கை எளிமையானது, அமைதியானது. அவருக்கு ஒரே மகள்.'

அவள் அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு நிறுத்தினாள். அம்மா வெட்டு என்று சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"என்ன நிறுத்திட்டே? மேல படி, பெரியவளே" என்றாள் அம்மா.

*

பெரியவளுக்கு ஒரு தம்பி இருந்தான். சின்னவன். ஆறு வயது முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவளுக்கு ஒன்பது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா பேசவில்லை, அவ்வளவுதான். அப்பா தன்னிடம் இருந்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒருநாள் போய்ச் சேர்ந்தார். கூடத்தில் மாட்டியிருந்த படத்தை எப்போது எடுத்தார்கள் என்பதுகூடப் பெரியவளுக்கு நினைவில்லை. சுவரில் கொஞ்ச காலம் ஒரு வெளிறிய சதுரம் இருந்தது. பிறகு வெள்ளையடித்தார்கள்.

ஆனால் அந்த நாட்கள் அவளுக்கு அச்சு மாறாமல் நினைவிருந்தன. வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். மாடிப்படியில்கூட யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு காலை அம்மா தலை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். பெரியவளின் கையையும் பிடித்துக்கொண்டாள். வாசலில் அத்தை, அப்பாவின் அக்கா, வழியை மறித்து நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"வேலைக்கு அண்ணி."

"வேலைக்கா!" அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பெத்த வயிறு இப்படியா இருக்கும்? கல்லைப் பார்த்துப் பார்த்துக் கல்லாவே ஆயிட்டா இவ."

அம்மா அத்தையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கிய அறை. ஒளிப்பெட்டியின் மேல் பிலிம். அம்மாவின் கையில் ஒரு மெல்லிய பட்டை. அதிலும் புள்ளிகள், வெளிறியதிலிருந்து கறுத்தது வரை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பிலிமில் இருக்கும் புள்ளியின் பக்கத்தில் அந்தப் பட்டையை நகர்த்தி நகர்த்தி, எது ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்வாள். பெரியவள் எழுத வேண்டும். பக்கத்து மேஜையில் அம்மாவின் உதவியாளர் ஒரு பெண்மணி உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டே இருந்தாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள்.

"பதினாறு. ஒன்பது. நாலு. தெரியல. இருபது. தெரியல."

ஒரு பக்கம் முடிந்ததும் அம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன?"

"நீதானே தெரியலன்னு சொன்னே. அதான் பூஜ்யம் போட்டேன்."

"பூஜ்யம் போடாதே." அம்மாவின் குரல் உயரவில்லை. "தெரியலைங்கறது வேற, இல்லைங்கறது வேற. அது அங்க இருக்கும். நம்ம பிலிம்ல பதியற அளவுக்குப் பலம் இல்ல, அவ்வளவுதான். பூஜ்யம் போட்டா இல்லவே இல்லன்னு ஆயிடும். கணக்கு மொத்தமும் தப்பாப் போயிடும். எல்லாத்தையும் அழி. கோடு போட்டு வை."

பெரியவள் அழித்தாள். தாள் கிழியும் அளவுக்கு அழித்தாள். தம்பி இறந்தபோது வராத அழுகை அந்த ரப்பர் தூளைப் பார்த்து வந்தது. அம்மா பட்டையை நகர்த்திக்கொண்டிருந்தாள். எண் எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதற்காகக் கூட்டி வந்திருக்கிறாள் என்று அந்த ஒன்பது வயது முடிவு கட்டியது. அறுபது வயதிலும் அந்த முடிவு மாறவில்லை. அதன் பக்கத்திலேயே அத்தையின் வார்த்தையும் குடியிருந்தது. அம்மாவை அவள் பார்த்துக்கொண்டாள், மருந்து கொடுத்தாள், நகம் வெட்டிவிட்டாள். பெருமைகூடப் பட்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை: இவள் அவனுக்காக அழுதாளா? கேட்கவும் முடியவில்லை. இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட கேள்வி கல் மாதிரி கனத்துவிடுகிறது. தூக்கவும் முடிவதில்லை, தள்ளவும் முடிவதில்லை.

இப்போது புத்தகம் வந்துவிட்டது. அம்மா போனபிறகும் புத்தகம் இருக்கும். அதில் 'ஒரே மகள்' என்று இருந்தால் சின்னவன் பிறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

*

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். படித்துக்கொண்டே வந்தவள், குரலை மாற்றாமல், தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்தாள். "'அந்த ஆண்டில் அவர் தன் மகனை இழந்தார்.'"

அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பிய தலையை அசைக்கவில்லை.

"அது தாள்ல இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த எழுத்தாளர் தம்பி எழுதினா அதுல ஒரு அடைமொழியாவது இருக்கும். 'அருமை மகனை'ன்னு போட்டிருப்பார். இது உன் வாக்கியம்." "மேல படி" என்றாள்.

பெரியவளுக்குக் காது சூடாகியது. கண் தெரியாதவளை ஏமாற்றப் பார்த்து அகப்பட்டுக்கொண்டோமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அந்த வரியைக் கேட்டும் ஒரு பெருமூச்சுகூட வரவில்லையே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். மேலே படித்தாள். என்ன படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வாரக் கடைசியில் எழுத்தாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். இனிப்பு தின்றே கெடுத்துக்கொண்ட கடவாய்ப்பல்.

"வலி உயிர் போகுது டாக்டர். உங்கம்மாவோட புத்தகம் அச்சாகறதுக்குள்ள என் கடைசி அத்தியாயம் வந்துடும் போலிருக்கு."

"அதை நான் எழுதறேன். உக்காருங்க."

சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேலே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். "ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீங்க ஒரே பொண்ணு. அப்புறம் ஏன் மேடம் உங்களைப் 'பெரியவளே'ன்னு கூப்பிடறாங்க?"

பெரியவளின் கையில் ஊசி இருந்தது. "வாயைத் திறங்க" என்றாள்.

மருந்தை ஏற்றினாள். இனி மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா செல்லப் பெயர் என்று சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்காகக் கேள்வி கேட்டே பழகிய மனிதர், இப்போது பேச முடியாமல் கிடந்தார். அந்த மௌனம் அவளை இழுத்தது. முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னாள். தம்பி இருந்ததை, காய்ச்சலை, வாசலில் நின்ற அத்தையை, ஆய்வுக்கூடத்தை. ஒரு நோயாளியிடம் பேசுவது போல நிதானமாகத்தான் சொன்னாள். கை மட்டும் தட்டில் இருந்த கருவிகளை ஒழுங்காக அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தது.

எழுத்தாளர் மரத்த உதட்டை அசைத்தார். "எந்தக் காய்ச்சல்?"

"அம்மா உள்ளமைப்பைச் சொன்னாங்களே, அந்த மருந்து தீர்க்கற காய்ச்சல்தான்."

சொல்லி முடிக்கும்போதே அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தாள். துக்கத்தின் ஈரம்தான். ஆனால் அதற்கும் முந்தி வந்துவிட்டது வேறொன்று. தேடியது கிடைத்தவனின் கண். அவளுக்குச் சட்டென்று, தவறான பல்லைப் பிடுங்கிவிட்டது போல இருந்தது.

*

புது அத்தியாயம் வெகு சீக்கிரம் வந்துவிட்டது. 'ஒரு தாயின் சபதம்' என்று தலைப்பு. புத்தகத்துக்கு இதுவே முதல் அத்தியாயம் என்று மேலே குறித்திருந்தார்.

பெரியவள் கீழே, காலியான மருத்துவமனையில், சாய்வு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து படித்தாள். அந்தப் பிஞ்சு விரல்கள் குளிர்ந்துபோன கணத்தில் ஒரு தாய் மௌனமாகச் சபதம் எடுக்கிறாள். சுற்றம் கல்நெஞ்சக்காரி என்று தூற்றுகிறது. அவளோ கண்ணீரை உள்ளேயே விழுங்கிக்கொண்டு, தன் பிள்ளையைக் கொண்டுபோன நோயின் எதிரியைத் தேடி இருட்டறைக்குள் நுழைகிறாள். இனி எந்தத் தாயும் இப்படி அழக்கூடாது.

படித்து முடித்தபோது பெரியவள் தேம்பிக்கொண்டிருந்தாள். இதைத்தான் அவள் ஒன்பது வயதிலிருந்து கேட்கக் காத்திருந்தாள். அம்மா வேலைக்குப் போனது அவனை மறந்து அல்ல, அவனுக்காக. அத்தை உயிரோடு இருந்திருந்தால் இந்தத் தாளை எடுத்துப்போய் முகத்துக்கு நேரே பிடித்திருப்பாள்.

முகம் கழுவிக்கொண்டு மாடியேறினாள். "அவர் ஒரு அத்தியாயம் மாத்தி எழுதியிருக்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படித்தாள்.

அம்மா ஒரு இடத்திலும் வெட்டு என்று சொல்லவில்லை. பிஞ்சு விரல்கள் வந்தன, சபதம் வந்தது, உள்ளே விழுங்கிய கண்ணீர் வந்தது. எல்லா அடைமொழிகளும் தப்பித்துப் போயின. பெரியவள் முடித்துவிட்டுத் தாள்களை மடியில் வைத்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"நீதானே சொன்னது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கார்" என்றாள் அம்மா.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுதான் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு தடவை நீ படிச்சுக் காட்டினா, இப்படித்தான் நடந்ததுன்னு எனக்கே தோணிடும். அப்புறம் நடந்தது என்னன்னு சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"நடந்ததுதானே இது?"

"இல்ல." அம்மா மாணவர்களிடம் பேசுவது போல விரலை நீட்டி மடக்கினாள். "அந்தப் படிகத்தை நான் கையில எடுத்தது அவன் நல்லா ஓடியாடிட்டிருந்தப்ப. ஒரு குப்பியில கொஞ்சம் தூள் வந்தது. கரைச்சு வெச்சேன், அழகாப் படிகமாச்சு. அதனால எடுத்தேன். வேற பெரிய காரணம் கிடையாது. அப்புறம், அந்த மருந்து அப்பவே இருந்தது. நமக்கு வந்து சேரலை. நான் சொன்னது அது உள்ள எப்படி அடுக்கியிருக்குங்கறதை. அதனால அந்த வருஷம் ஒரு குழந்தைகூடப் பிழைக்கல."

"ஆனா படிக்கறவங்களுக்கு..."

"படிக்கறவன் என்ன நினைப்பான் சொல்லு? பாவம், பையன் போயிட்டான். ஆனா அதனாலதான் இவ்வளவு பெரிய வேலை நடந்ததுன்னு நினைப்பான். போனதுக்கு ஒரு பிரயோஜனம் இருந்ததுன்னு மூடி வெச்சிட்டுத் தூங்கப் போவான்." குரல் முதல் முறையாகக் கரகரத்தது. "அவனை எனக்குப் படிக்கட்டாப் போட்டிருக்கார், பெரியவளே. நான் மேல ஏறறதுக்கு. பத்திரிகைக்காரங்க அந்தக் காலத்துலயே மோப்பம் பிடிச்சு வந்தாங்க. அதனாலதான் வாயே திறக்கலை. அவன் எதுக்கும் காரணம் இல்ல. அவன் பாட்டுக்கு ஒரு பையனா இருந்தான்."

பெரியவளுக்குள் எதுவோ அறுந்தது. "அப்ப ஏன் போனே?" கேள்வி தானாக எழுந்துகொண்டு வெளியே வந்தது. "சபதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி செருப்பை மாட்டிட்டுக் கிளம்பினே? அத்தை சொன்ன மாதிரிதானா? என்னை எண் எழுத வேற இழுத்துட்டுப் போனே. ஆள் கிடைக்கலையா உனக்கு?"

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "வீட்டுல எல்லாரும் என் முகத்தையே பார்த்துட்டிருந்தாங்க" என்றாள். "எப்ப அழுவேன், எப்படி அழுவேன்னு. இருட்டறையில யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க. நான்தான் பார்க்கணும். ஒரு புள்ளி, அதைப் பார்த்து முடிச்சா அடுத்த புள்ளி. அது ஒண்ணுதான் எனக்கு அப்ப முடிஞ்சது. இதுல பெருமையும் இல்ல, தப்பும் இல்ல."

"நான்?"

"எனக்கு எழுத ஆள் இருந்தது. அந்தம்மா பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருந்தாங்க, நாள் பூரா பென்சில் சீவிட்டு. நீ எழுதினதையெல்லாம் அவங்க அப்புறம் உக்காந்து திரும்ப எழுதினாங்க. உன் ஏழும் ஒண்ணும் ஒரே மாதிரி இருக்கும்."

பெரியவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைப் பார்த்துக்க வீட்டுல ஆள் இல்லாமலா? படிக்கட்டு பூரா ஆளுதானே" என்றாள் அம்மா. "ஒருத்தனை ராத்திரி தூங்கறான்னு நம்பி விட்டுட்டு எந்திரிச்சு வந்தேன். திரும்பிப் போறப்ப அவன் இல்ல. இன்னொண்ணை யார்கிட்ட விடுவேன்? நீ என் கைக்கு எட்டற தூரத்துல உக்காந்திருக்கணும். அதுக்கு உனக்கு ஒரு வேலை கொடுக்கணும். அவ்வளவுதான்."

சீவிய பென்சிலை மறுபடி சீவிய அந்தப் பெண்மணி இப்போது பெரியவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தாள். அந்தச் சத்தம்கூடக் கேட்டது. அத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள்தான் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டு வைத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. கீழே தேம்பியதெல்லாம் எழுத்தாளரின் வாக்கியங்களுக்காக. இப்போது வந்தது அழுகையைவிட அமைதியாக இருந்தது. எழுந்து போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை தடவிக்கொண்டு வந்து அவள் தலையில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் சொன்னாள், "சரிம்மா, இந்த அத்தியாயம் வேண்டாம். நானே அவர்கிட்ட பேசறேன். ஆனா 'ஒரே மகள்'னு அச்சாகக் கூடாது."

"பெரியவளே..."

"நீதான் சொன்னே. தாள் கிழியற அளவுக்கு என்னை அழிக்க வெச்சே. தெரியலைங்கறது வேற, இல்லைங்கறது வேறன்னு. 'ஒரே மகள்'னு போட்டா அது பூஜ்யம். கணக்கு மொத்தமும் தப்பாப் போயிடும்."

தலையில் இருந்த கை அசையாமல் இருந்தது. அம்மா பதில் தேடுகிறாள் என்று தெரிந்தது. விவாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவள்.

"நீ கோடு போட்டு வெச்ச இடத்துக்கெல்லாம் நாங்க அப்புறம் ஒரு எண் போடுவோம்" என்றாள் கடைசியில். "உனக்குத் தெரியாது. நீ அதுக்குள்ள பள்ளிக்கூடம் போயிட்டே. கோடாவே விட்டுட முடியாது, கணக்குக்குள்ள வரணுமே. பிலிம்ல கண்ணுக்குத் தெரியற மிகச் சின்னப் புள்ளி எதுவோ, அதுல பாதி போடுவோம். அதுக்கு மேல போட நமக்கு உரிமை இல்ல. அதுக்குக் கீழ போட்டா நியாயம் இல்ல."

"அப்ப அதையே போடுவோம்."

"எழுதிக்கோ."

பெரியவள் பேனாவை எடுத்தாள்.

"'அவருக்கு இரண்டு குழந்தைகள்.'"

"அப்புறம்?"

"முற்றுப்புள்ளி."

*

எழுத்தாளருக்குப் பற்குழியை அடைத்து மூடி பொருத்தும் நாளில் பெரியவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"இதென்ன டாக்டர், அநியாயம்? புத்தகத்துக்கே உயிர் அதுதான். படிச்சுப் பார்த்த பதிப்பாளர் அழுதுட்டார்!"

"நானும்தான் அழுதேன். ஆனா அது நடக்கலை."

"நடந்ததெல்லாம் இருக்கு. கொஞ்சம் முன்ன பின்ன..."

"முன்ன பின்ன இருக்கறதுதான் பிரச்சினை. படிகம் முந்தி, காய்ச்சல் பிந்தி." அவள் முகமூடியை மேலே ஏற்றினாள். "வாயைத் திறங்க. உங்க பல்லு இப்ப என் கையில இருக்குங்கறதை ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பதில் யோசிங்க."

அவர் நெடுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "ஒரே வரி... ரெண்டு குழந்தைகள்னு போட்டா, மத்த அத்தியாயத்துல ஒரு குழந்தைதானே வருதுன்னு யாராவது கேப்பாங்களே?" என்றார் மெதுவாக.

"கேக்கட்டும்."

அவர் தலையாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி, "என் பெரியவனுக்கு அடுத்த மாசம் ஆறு வயசு ஆகுது" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

திருத்திய ப்ரூஃப் வந்த மதியம் பெரியவள் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தாள். 'அவருடைய குடும்ப வாழ்க்கை எளிமையானது. அவருக்கு இரண்டு குழந்தைகள்.' அமைதியானது என்ற சொல்லை அவரே எடுத்திருந்தார்.

"எங்க இருக்கு அது? கொடு" என்றாள் அம்மா.

பெரியவள் தாளை அவள் கையில் வைத்து, விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் நிறுத்தினாள். அம்மா தாளை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் மறைந்துவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தாளைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, கண்ணின் ஓரத்துக்கு அந்த வரியைக் கொண்டுவந்தாள். பட்டையை நகர்த்துவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஓரிடத்தில் கை நின்றது. வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவோ மறைக்கவோ அவள் முயலவில்லை.

"அவனுக்குக் கீழ்ப்பல் ஒண்ணு ஆடிட்டிருந்தது" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "யாரையும் தொட விடமாட்டான். என்னைக்கூட."

பெரியவள் இன்னும் நெருங்கி வந்தாள். "எனக்குத் தொடக் கொடுத்தான்" என்றாள். "ஒரே ஒரு தடவை. கண்ணை இறுக்க மூடிக்கிட்டான்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே." அம்மாவின் முகம் இப்போது அவள் பக்கம் திரும்பியது. அவளுடைய காதையோ தோளையோ பார்த்தது. பிறகு அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது. "அந்தத் தம்பிகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதே. அதனாலதான் நீ பல் டாக்டர் ஆனேன்னு எழுதிடுவார்."

இருவரும் சிரித்தார்கள். அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மேல படி, பெரியவளே."